நாலாவது கம்பம்

ரெகுலேட்டரிலிருந்து கிளம்பினால்
முன்பெல்லாம் ஒன்பது கம்பம் நடப்பேன்.
போன தையில் அது ஆறானது.
இப்போது நாலாவது மின்கம்பத்தில்
கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி மாதிரிப் பிழிகிறார்கள்.

லஸ்கர் சும்மா நிற்க முடியுமா,
காரணம் வேண்டும்.
குனிந்து மட்டப்பலகையைப் பார்க்கிறேன்.
ஆகாயத்தாமரையைக் கழியால் தள்ளுகிறேன்.
நோட்டை எடுத்து
நேற்று எழுதியதையே மறுபடி எழுதுகிறேன்.
இரண்டு நிமிடத்தில் வலி போய்விடும்.
போகிற வலியை வீட்டில் எதற்குச் சொல்வது.

மலர்க்கொடி கண்டுபிடித்தது வேறு விதம்.
ஒற்றைச் செருப்போடு வந்து நின்றேன்.
இன்னொண்ணு எங்கே என்றாள்.
நானும் அப்போதுதான் காலைப் பார்த்தேன்.
அரிச்சந்திரா நதிக் கரையிலிருந்து
வெறுங்காலாகவே வந்திருக்கிறது,
கருவேல முள் ஒன்றை ஏற்றிக்கொண்டு,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

பகலில்தான் இந்த ஊமை வேஷம்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
பாதம் வாயைத் திறக்கும்.
போர்வை நுனி பட்டாலும் மிளகாய்.
சிமெண்டுத் தரையைத் தேடித் தேடி
காலை மாற்றி மாற்றி வைப்பேன்,
இடம் கிடைக்காத பயணி மாதிரி.

திருவாரூர் ஆஸ்பத்திரியில்
ஆரோக்கியசெல்வி என்று ஒரு நர்ஸ்.
கண்ணை மூடச் சொன்னாள்.
நைலான் இழையால் தொடுவேன்,
தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க என்றாள்.
மூடிய கண்ணோடு காத்திருந்தேன்.
மின்விசிறி சுற்றுவது கேட்டது.
எப்பம்மா ஆரம்பிப்பே என்றேன்.
முடிஞ்சிருச்சு ஐயா என்றாள்.

பிறகு டாக்டர் குளிர்ந்த பசையைத் தடவி
பேனா மாதிரி ஒன்றை வைத்தார்.
தொடையில்
ஷட்டர் தூக்கிய முதல் நாள் இரைச்சல்.
முழங்காலுக்குப் பின்னால்
முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆவணி.
கணுக்காலில் பேனாவை நகர்த்தி நகர்த்தித் தேடினார்.
கடைசியில் கேட்டது ஒரு முனகல்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
தலைஞாயிறுக்குத் தெற்கே
சகதிமேல் விரற்கடைத் தண்ணீர்
அப்படித்தான் பேசும்.

குழாய் தூர்ந்து போயிருக்கு என்றார்.
வாரிடலாமா சார்?
அதைப் பிறகு பார்க்கலாம்.
முதலில் பீடியை விடுங்க, சர்க்கரையைக் கட்டுங்க.
முள் குத்தின புண் ஆறட்டும்.
அப்புறம் நடங்க.
வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, மறுபடி நடங்க.
பெரிய வழி அடைச்சா
பக்கத்துலே சின்னச் சின்னதா
உடம்பே வெட்டிக்கும்.

உத்தரவு இல்லாமலா
என்று வாய்வரை வந்தது.

முப்பத்தொரு வருஷமாய்
திருட்டு மடை அடைக்கிறவன் நான்.
கலியபெருமாள் மேல் எழுதிக் கொடுத்ததும் இந்தக் கைதான்.
கருகுகிற நாற்றுக்கு
ஒரே ஒரு ராத்திரி வெட்டினான்.
டார்ச் வெளிச்சத்தில் மண்வெட்டியோடு நின்றவன்
ஓடக்கூட இல்லை.
தலைமடையிலே நிக்கிறவனுக்கு என்ன தெரியும்
என்று மட்டும் சொன்னான்.
அபராதம் கட்ட அவன் எதை விற்றான் என்று
நான் கேட்டதில்லை.

இப்போது படுத்துக்கொண்டு வேண்டுவதெல்லாம்
என் முழங்காலுக்குக் கீழே
எவனாவது இருட்டில் இறங்கட்டும்,
சத்தமில்லாமல் வெட்டட்டும்,
நான் டார்ச் அடிக்க மாட்டேன்.

புண் ஆற ஏழு வாரம்.
தினமும் மலர்க்கொடி
முகம் பார்க்கிற கண்ணாடியை உள்ளங்காலுக்குக் காட்டினாள்.
அதை இத்தனை கிட்டத்தில்
நான் பார்த்ததே இல்லை.

இன்று மூடின செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
நாலாவது கம்பத்தில் பிழிந்தது.
நோட்டை எடுக்கவில்லை.
கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கலியபெருமாள் சைக்கிளை நிறுத்தினான்.
யாரைப் பிடிக்க நிக்கிறீங்க லஸ்கர்?

தண்ணி வருதான்னு பாக்குறேன் என்றேன்.

அவன் வாய்க்காலைப் பார்த்தான்.
என் காலைப் பார்த்தான்.
ஸ்டாண்டு போட்டுவிட்டு
அவனும் கொஞ்ச நேரம் நின்றான்.